நல்லதண்ணியில் ஒரு கோட்டையின் பெயர்

டிசம்பர் மாதத்துப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமியோடு முடிகிற சிவனொளிபாத மலைப் பருவகாலத்தில், ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து இரவென்றும் பகலென்றும் பாராமல் யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு மஸ்கெலியா வழியாக மேலேறுகிற பஸ்களின் நெற்றிப் பலகைகளைக் கவனித்தவர்கள், அவை யாவும் சென்று சேருகிற ஒரே ஊருக்கு இரண்டு பெயர்கள் வழங்குவதைக் கண்டிருப்பார்கள். எங்கள் நாவில் அது நல்லதண்ணி. கேட்ட மாத்திரத்தில் பொருள் விளங்குகிற பெயர். நடந்து களைத்தவன் ஒருவன் ஓடையில் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, அந்தக் குளிர்ச்சி தொண்டையை விட்டு இறங்குவதற்குள் வைத்துவிட்ட பெயர் என்றே எனக்குத் தோன்றும். மற்றொரு பெயர் டல்ஹவுசி. பஸ் நடத்துநரின் வாயில் அது டெல்ஹவுஸ் என்று திரிந்து, பனியில் நனைந்து நிற்கிற கூட்டத்தின் தலைக்கு மேலாக விடியுமட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டாவது பெயருக்கு என்ன பொருளென்று சிறுவயதில் பெரியவர்களைக் கேட்டதுண்டு. "அது தொரமாரு வச்ச பேரு" என்பதற்கு மேல் ஒருவரும் சொன்னதில்லை. அந்த விடையில் தவறொன்றும் இல்லை. ஆனால் அது ஒரு நீண்ட சரித்திரத்தின் கடைசி வரி மாத்திரமே. ஸ்காட்லாந்து தேசத்தில், எடின்பரோ நகரத்துக்குத் தெற்கே சுமார் எட்டு மைல் தொலைவில், தெற்கு எஸ்க் என்னும் சிற்றாற்றின் கரைமேட்டில், செந்நிற மணற்கல்லால் எழும்பி நிற்கிற ஒரு பழங்கோட்டைக்குப் பெயர் டல்ஹவுசி. அந்தக் கோட்டையை நான் படங்களிலும் புத்தகங்களிலும் மட்டுமே கண்டிருக்கிறேன். ஆயினும் அதன் பெயரைச் சொல்லியே வளர்ந்தவன் என்ற உரிமையில் அதன் கதையை இங்கே சொல்ல முற்படுகிறேன். கதையைச் சொல்லும்போது நம்முடைய மலைநாட்டுக் கட்டடங்களின் கதியையும் நினையாமல் இருக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் முதலாம் டேவிட் அரசன் இங்கிலாந்திலிருந்து தன்னோடு அழைத்து வந்த வீரர்களுள் ராம்சே என்னும் ஊரைச் சேர்ந்த சைமன் என்பவனும் ஒருவன். அவன் வம்சத்தார் ஊர்ப்பெயரையே குலப்பெயராகக் கொண்டு, எஸ்க் ஆற்றங்கரையில் நிலம் பெற்று, பதின்மூன்றாம் நூற்றாண்டில் அங்கே ஒரு கோட்டையை எழுப்பினார்கள். எல்லைப்புறத்து மண் அது. இங்கிலாந்தின் சேனை வடக்கே வந்தாலும், ஸ்காட்லாந்தின் சேனை தெற்கே போனாலும், பெரும்பாலும் அந்த வழியாகவே போகும். 1298-ஆம் ஆண்டில், வில்லியம் வாலஸ் என்னும் ஸ்காட்லாந்து வீரனை ஃபால்கர்க் போர்க்களத்தில் எதிர்கொள்ளப் புறப்பட்ட இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் வழியில் தங்கியது இந்தக் கோட்டையிலேதான். அப்போது எட்வர்டுக்குப் பணிந்து விசுவாசப் பிரமாணம் செய்திருந்த வில்லியம் ராம்சே, பின்னர் மனம் மாறி ஸ்காட்லாந்து அரசன் ராபர்ட் புரூஸ் பக்கம் சேர்ந்து, தங்கள் தேசம் எவருக்கும் அடிமையில்லை என்று 1320-இல் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் போப்பாண்டவருக்கு எழுதிய பிரசித்தி பெற்ற சாசனத்தில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டான். எல்லைப்புறத்தில் வாழ்கிறவனுக்கு இரண்டு எஜமானர்கள் உண்டு என்பதும், அவர்களுள் எவனை நம்புவது என்பதே அவன் வாழ்நாள் முழுவதற்குமான கவலை என்பதும் நம் சரித்திரத்திலும் காணாத விஷயங்கள் அல்ல.

அந்த வம்சத்தில் அலெக்சாண்டர் ராம்சே என்னும் வீரனுடைய கதை தனியே நின்று சொல்லத் தக்கது. 1338-இல் டன்பார் கோட்டையை ஆங்கிலேயர் மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தபோது, உள்ளே கணவன் இல்லாத வேளையில் கோட்டையைக் காத்து நின்றவள் ஆக்னஸ் என்னும் சீமாட்டி. உணவு தீர்ந்துபோகும் தறுவாயில், இருட்டு வேளையில் கடல் வழியாகப் படகில் நாற்பது பேரோடு வந்து தானியமும் துணையும் சேர்த்தவன் இந்த அலெக்சாண்டர். பசித்தவர்களுக்குத் தானியம் கொண்டுபோன அவனுக்கு வாய்த்த முடிவோ மிகக் கொடியது. நான்கு ஆண்டுகள் கழித்து, பதவிப் போட்டியில் பகை கொண்ட டக்ளஸ் பிரபு ஒருவன் அவனைப் பிடித்து ஹெர்மிடேஜ் என்னும் கோட்டையின் பாதாளச் சிறையில் இறக்கி, அன்னம் ஆகாரம் இன்றி விட்டுவிட்டான். சிறைக்கு மேலே களஞ்சியம். அதன் தளத்து இடுக்குகள் வழியாக ஒன்றிரண்டாக உதிர்ந்த தானிய மணிகளைப் பொறுக்கித் தின்று பதினேழு நாள் உயிர் தரித்திருந்தான் என்று கர்ணபரம்பரைக் கதை சொல்கிறது.

1400-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நான்காம் ஹென்றி டல்ஹவுசியை முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல் திரும்பினான். அந்தப் பேர் பெற்ற முற்றுகையைத் தாங்கிய அஸ்திவாரங்களின் மேல், பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழும்பியதே இன்று காணப்படுகிற கோட்டையின் மிகப் பழைய பகுதி. முரசைத் தூக்கி நிறுத்தியதுபோல் வட்டமாகப் பருத்த ஒரு கோபுரம் அதற்கு உண்டு. அதன் அடித்தளத்தில் ஒரு கிணறு. முற்றுகைக் காலத்தில் எதிரி ஆற்றை மறிக்கலாம், வழியை மறிக்கலாம்; கோபுரத்தின் வயிற்றுக்குள் இருக்கிற நீரை மறிக்க முடியாது. நல்லதண்ணி என்ற பெயர் அந்தக் கிணற்றுக்கும் பொருந்தும்.

சுற்றிலும் நீரில்லாத அகழி. உள்ளே புகுவதற்கு ஒரு தூக்குப்பாலம் அன்றி வேறு வழி இருந்ததில்லை. அகழி என்றோ தூர்ந்துவிட்டது, பாலமும் போய்விட்டது. ஆனால் பாலத்தைத் தூக்கி இறக்கிய மரங்கள் அமர்ந்திருந்த நெடிய பள்ளங்கள் இரண்டு இன்றைக்கும் தலைவாசலுக்கு மேலே சுவரில் அப்படியே இருக்கின்றன. படத்தில் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் வேறெதிலும் செல்வதில்லை. மரம் மக்கிப் போயிற்று, இரும்புச் சங்கிலி துருவாகிப் போயிற்று. மரம் இருந்த வெறுமையை மாத்திரம் கல் ஞாபகத்தில் வைத்திருக்கிறது. பிற்காலத்தவர் அந்தப் பள்ளங்களை வீண் ஓட்டை என்று நினைத்துக் காரை வைத்து அடைத்திருந்தால், அங்கே ஒரு தூக்குப்பாலம் இருந்ததென்று சுவரைப் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது.

பதினேழாம் நூற்றாண்டில் ராம்சேக்கள் பிரபுக்களானார்கள்; 1633-இல் டல்ஹவுசியின் ஏர்ல் என்னும் பட்டம் அவர்களுக்குக் கிடைத்தது. யுத்தங்கள் ஓய்ந்துவர, கோட்டை மெல்ல மாளிகையாயிற்று. வெளிமதிலுக்கும் உட்சுவருக்கும் நடுவே திறந்து கிடந்த முற்றத்தில் அறைகள் முளைத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் பர்ன் என்னும் பேர்பெற்ற கட்டடச் சிற்பி, பழைய கோட்டைத் தோற்றத்தை மீண்டும் வருவிக்கும் பொருட்டுப் பல மாற்றங்களைச் செய்தார்.

அந்த மாளிகையில்தான் 1812-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி ஜேம்ஸ் ஆண்ட்ரூ ராம்சே பிறந்தார். இந்திய சரித்திரம் படித்த எவரும் மறக்க முடியாத டல்ஹவுசி பிரபு இவரே. முப்பத்தைந்து வயதில், 1848-இல், கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பேற்று, எட்டு ஆண்டுக் காலத்தில் பஞ்சாபையும் அவத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனி ராஜ்யத்தோடு சேர்த்தார். ரயிலுக்கும் தந்திக்கும் வழி வகுத்தார். ஆண் சந்ததியின்றி இறக்கும் அரசர்களின் ராஜ்யம் கம்பெனியைச் சேரும் என்ற விதியைக் காட்டி சதாரா, நாக்பூர், ஜான்சி ஆகியவற்றை எடுத்துக்கொண்டார். நம்மவர்க்கு அணுக்கமான சம்பவம் ஒன்றும் அவற்றுள் உண்டு: 1855-இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி மறைந்தபோது, சரஸ்வதி மகாலை வளர்த்த தஞ்சை மராத்திய அரசபீடம் இல்லாது போனதும் இவர் ஆட்சியிலேதான். ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளாகத் தந்தையிடமிருந்து மகனுக்கென்று ஒரே கோட்டையைக் காத்து வந்த குடும்பத்தில் பிறந்தவர், அந்நிய தேசத்து வம்சங்களின் கோட்டைகளை இறங்குரிமை இல்லையென்று சொல்லி அடைத்தார். 1856-இல் உடல்நலம் குன்றியவராய்த் தாயகம் திரும்பிய அவர், 1860-ஆம் ஆண்டு டிசம்பரில், தாம் பிறந்த அதே கோட்டையில் கண் மூடினார். தமக்கும் ஆண் குழந்தை இல்லாமையால் மார்க்விஸ் என்னும் அவருடைய உயர்பட்டம் அவரோடு அற்றுப்போயிற்று.

இலங்கை அவர் ஆட்சிக்கு உட்பட்டதன்று. 1802 முதலே அது பிரிட்டிஷ் முடியின் நேர்க் குடியேற்ற நாடு. ஆகவே சிவனொளிபாத மலையடிவாரத்தில் இந்தப் பெயரைச் சூட்டிய தோட்டத்துரை பிரபுவை எண்ணினானோ, கோட்டையை எண்ணினானோ, அன்றி ஆற்றங்கரையில் தன் இளம்பருவம் கழிந்த கிராமத்தை எண்ணினானோ, அவன் மனத்தோடு போயிற்று. எப்படியாயினும் பெயர் அந்தக் கல்லிலிருந்து வந்த பெயர்.

இனிக் கோட்டையின் பிற்காலத்தைச் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராம்சே குடும்பம் பிரீக்கின் என்னும் மற்றொரு மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. கோட்டை வாடகைக்கு விடப்பட்டது. சில காலம் அதில் சிறுவர் பாடசாலை ஒன்று நடந்தது. 1972-இல் விரிவான திருத்த வேலைகளுக்குப் பின் அது விடுதியாயிற்று. எட்வர்ட் தங்கிய இடத்தில் கலியாண வீட்டார் தங்குகிறார்கள். கைதிகளைக் கயிற்றில் கட்டி இறக்கிய, குடுவைபோல் வாய் குறுகி வயிறு பருத்த நிலவறையைக் குழந்தைகள் எட்டிப் பார்க்கிறார்கள். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. அடுப்பு எரிகிற வீடுதான் நிற்கும். புகை போகாத கூரையை முதலில் கறையான் அறியும், பிறகு மழை அறியும். கோட்டை, மாளிகை, பள்ளிக்கூடம், விடுதி என்று வேஷம் மாறி மாறித்தான் அந்தக் கல் பிழைத்திருக்கிறது.

பிழைக்கச் செய்வதிலும் முறை உண்டு, முறைகேடும் உண்டு. ஸ்காட்லாந்தில் இதைப்பற்றி நிகழ்ந்த விவாதங்கள் நமக்கும் பயன்படுவன. வடமேற்கே மூன்று கடற்கழிகள் கூடுகிற இடத்தில் ஒரு சிறு தீவில் நிற்கும் ஐலியன் டோனன் கோட்டை, 1719-இல் அரச கப்பற்படையின் பீரங்கிகளாலும் வெடிமருந்தாலும் தகர்க்கப்பட்டு, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் வெறுங்கற்குவியலாகக் கிடந்தது. 1911-இல் மக்ரே வம்சத்தைச் சேர்ந்த ஒரு படை அதிகாரி அதை விலைக்கு வாங்கி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து, 1932-இல் முழுக் கோட்டையாக நிறுத்தினார். இன்று ஸ்காட்லாந்து என்றதும் உலகம் நினைக்கிற படம் அதுவே. ஆனால் அது பழைய கோட்டையா, பழைய கோட்டையைப்பற்றி ஒருவர் கண்ட கனவா என்ற கேள்வி ஓயவில்லை. இதற்கு நேர் மாறாக, இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்னும் கவிஞரும் கைவினைஞருமான பெரியவர் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை நிறுவி, புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் பழையதைச் சுரண்டித் தள்ளுவதை நிறுத்துங்கள், ஓடு மாற்றுங்கள், ஒழுகலை அடையுங்கள், அன்றாடம் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கை வைக்காதீர்கள் என்று வாதாடினார்.

ஸ்டர்லிங் கோட்டையின் மகாமண்டபத்தில் நடந்தது மூன்றாவது வகை. நான்காம் ஜேம்ஸ் அரசன் காலத்தில், 1503 அளவில் முடிந்த அந்த மண்டபத்தைப் பிற்காலத்தில் பட்டாளத்தார் தளமும் தடுப்பும் போட்டுப் படைவீடாக்கிவிட்டார்கள். 1964-இல் பட்டாளம் வெளியேறியபின் தடுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சுவரில் எஞ்சியிருந்த தடயங்களைப் படித்து, ஓக் மரத்தால் கூரையைப் புதிதாய்க் கோத்து, 1999-இல் பணியை நிறைவேற்றினார்கள். வெளிச்சுவரெங்கும் பொன்மஞ்சள் நிறத்தில் சுண்ணாம்பு பூசியபோது, கருங்கோட்டையைக் கண்டு பழகிய ஊரார் திடுக்கிட்டார்கள். ஆயினும் அரசன் காலத்து நிறத்துக்குக் கிடைத்த அடையாளங்களைக் கொண்டே அது பூசப்பட்டது.

சுண்ணாம்பைப்பற்றி இவ்விடத்தில் சற்று நின்று சொல்ல வேண்டும். பழங்கட்டடத்தின் உயிர் அதில் இருக்கிறது. பழைய சுவர் மூச்சு விடுகிற சுவர். மழையில் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், வெயிலிலும் காற்றிலும் அதை வெளிவிடும். கல்லுக்குக் கல் நடுவே இருக்கிற சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. ஆகவே ஈரம் சாந்தின் வழியாகவே வெளியேறும். தேய்ந்தால் சாந்து தேயும், கல் பிழைக்கும். சாந்தைச் சுரண்டி மறுபடி அப்பிக்கொள்ளலாம். அந்தச் சுவரில் சிமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். வழி தேடி அது கல்லின் முகத்துக்கே வரும். உள்ளேயிருக்கும் உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். குளிர்நாட்டில் உறையும், உறைந்து பருக்கும். சில ஆண்டுகளில் சிமெந்து உறுதியாக இருக்க, கல் பொரிந்து பொடியாய் உதிரும். சென்ற நூற்றாண்டில் நல்லெண்ணத்தோடு சிமெந்து பூசிய ஸ்காட்லாந்துக்காரர்கள், இப்போது உளி கொண்டு அதையே பெயர்த்தெடுத்துச் சுண்ணாம்பு பூசுகிறார்கள்.

நமக்கு இது அந்நிய ஞானமன்று. நீற்றிய சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டு அரைத்துச் சாந்து சேர்த்த கொத்தர்கள் நம் முன்னோர். சிதைந்த கோயிலைச் செப்பனிடும் பணிக்கு ஜீர்ணோத்தாரணம் என்று தனிப் பெயரே வைத்து, மூர்த்தியைப் பாலாலயத்தில் எழுந்தருளப் பண்ணி, வேலை முடிந்தபின் கும்பாபிஷேகம் செய்கிற கிரமம் ஆகமத்தில் வகுக்கப்பட்டிருக்கிறது. பழையதைக் கைவிடலாகாது, பழுதுபட்டதை வைத்துக்கொண்டிருக்கவும் ஆகாது என்ற இரண்டையும் ஒன்றாக அறிந்த நாகரிகம் இது. அப்படியிருந்தும் திருப்பணி என்ற பெயரால் கல்வெட்டின் மேல் வர்ணம் பூசுகிறோம், கருங்கல் பிராகாரத்துக்குப் பளிங்கு ஓடு ஒட்டுகிறோம். டல்ஹவுசியின் தலைவாசலில் அந்த இரண்டு பள்ளங்களையும் அடைக்காமல் விட்டவர்களுக்கு நான் தலை வணங்குவது இதனாலேயே.

இனி நம் மலைக்கு வருவோம். கோப்பிக் காலத்தில் இங்கே காடு வெட்ட வந்த துரைமாருள் ஸ்காட்லாந்துக்காரர் தொகை மிகுதி. அவர்களுள் முதன்மையாக வைத்து எண்ணப்படுகிற ஜேம்ஸ் டெய்லர், 1852-இல் பதினேழு வயது நிரம்பு முன்னே வந்து, 1867-இல் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டவர். 1869-இல் இலையில் துருப்போல் படர்ந்த பூஞ்சை நோய் சில ஆண்டுகளில் கோப்பியை அழித்தொழித்தபோது, தீவைத் தாங்கிக்கொண்டது அந்தப் பத்தொன்பது ஏக்கரின் சந்ததி. டெய்லர் கோட்டை கட்டவில்லை. அவர் வாழ்ந்த குடிசையில் இன்று எஞ்சியிருப்பது கணப்பின் புகைபோக்கிக் கற்கள் மாத்திரமே. 1892-இல் அவர் இறந்தபோது, பன்னிருவர் பன்னிருவராக இரு பிரிவாய் இருபத்துநான்கு பேர் தோள்மாற்றிச் சடலத்தைக் கண்டி வரை சுமந்தார்கள் என்றும், பின்னே நடந்த கங்காணிமாரும் தொழிலாளரும் அவரைச் சாமி துரை என்று அழைத்து வந்தவர்கள் என்றும் சொல்லப்படுகிறது.

துரைமார் தங்கள் ஊரைப் பிரிந்த ஏக்கத்தைத் தோட்டங்களின் பெயர்களில் எழுதிவைத்தார்கள். கிளென் என்றால் அவர்களுடைய பழைய கேலிக் மொழியில் ஒடுங்கிய பள்ளத்தாக்கு, ஆகவே கிளென்டில்ட். ஸ்ட்ராத் என்றால் அகன்ற பள்ளத்தாக்கு, ஆகவே ஸ்ட்ராத்ஸ்பே. டன் என்றால் கோட்டை, டிக்கோயாவில் டன்கெல்ட். மொரே, காட்மோர், ஹோலிரூட், பல்மோரல் என்று இந்த வரிசை நீளும். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறுகிற பெண்ணொருத்தி, தான் நாள்தோறும் உச்சரிக்கிற சொல் கடல் கடந்த ஏதோ ஓர் அரண்மனையின் பெயரென்று அறியாமலே, அதைத் தன் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடமாக எழுதுவித்திருக்கிறாள்.

அவர்கள் கட்டிய பங்களாக்கள் கோட்டையின் சாயலைத் தூரத்திலிருந்து நினைவூட்டுபவை. மேட்டு நிலம், கீழே தோட்டம் முழுவதும் கண்ணில் படும் வண்ணம் அமைந்த இடம், கருங்கல் அடித்தளம், தடித்த சுவர், ஒவ்வோர் அறைக்கும் ஒரு கணப்பு, மழைக்குத் தகரக் கூரை. தோட்டங்கள் 1970-களில் அரசுடைமையாகி, 1990-களில் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குச் சென்ற இடைக்காலத்தில் இவற்றுள் பல பாசி படிந்தன. பின்னர் 2005-ஆம் ஆண்டளவில், காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டியும் பொகவந்தலாவைப் பக்கத்திலும் உள்ள காசல்ரீ, சமர்வில், நோர்வூட், 1888-இல் கட்டப்பட்ட டியென்சின் ஆகிய பங்களாக்கள் செம்மையாகச் சீர்திருத்தப்பட்டு, சிலோன் டீ டிரெய்ல்ஸ் என்ற பெயரில் உல்லாசப் பிரயாணிகளுக்குத் திறந்துவிடப்பட்டன. டன்கெல்ட் பிறகு சேர்ந்தது. கணப்பில் மறுபடியும் விறகு எரிகிறது. காசல்ரீக் கரையில் 1878-இல் எழுந்த வோர்லி கிறிஸ்து தேவாலயம் வழிபாட்டோடு நிற்கிறது. அதன் கல்லறைகளில் இளவயதில் காய்ச்சலுக்கு இரையான துரைமாரின் ஊர்ப்பெயர்களை இன்றும் வாசிக்கலாம்.

இவற்றைக் காத்தவர்கள் நல்ல காரியம் செய்தார்கள் என்று மனப்பூர்வமாகச் சொல்கிறேன். ஆனால் அந்தக் கருங்கல்லைப் பிளந்தவனும், மண் குழைத்தவனும், அந்தக் கணப்புக்கு நூறாண்டு விறகு சுமந்தவளும் குடியிருந்த வீட்டின் கதி என்ன என்று கேளாமலும் இருக்க முடியாது. லயக் காம்பரா என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே இஸ்தோப்பு என்னும் சிறு திண்ணை. அந்த அளவுக்குள் ஒரு குடும்பம் பிறந்து, சமைத்து, நோய்ப்பட்டு, பெண் எடுத்துப் பெண் கொடுத்து, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. அதைக் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்க மாட்டேன்; அதிலிருந்து மக்களைக் காப்பாற்ற வேண்டும். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற ஏற்பாடு வந்து, சில தோட்டங்களில் லயங்கள் இடிபடுகிறபோது சந்தோஷப்படுகிறவன் நான். எனினும், எல்லாவற்றையும் இடித்துவிட்டால், இப்படியும் மனிதர் வாழ வைக்கப்பட்டார்கள் என்பதை நாளைக்கு எந்தக் கல் சொல்லும்? கம்பளைக்கு அண்மையில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்றைச் செப்பனிட்டு, தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கங்காணியின் கோட்டும், கவ்வாத்துக் கத்தியும், உரலும் அம்மியும் அங்கே இருக்கின்றன. மாளிகைகளுக்கு நடந்த புனருத்தாரணங்கள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு லயத்துக்கு நடந்ததையே நான் பெரிதாக மதிப்பேன்.

எங்கள் பக்கத்தில் இடிக்கப்பட்ட லயம் ஒன்றின் வாசற்கல் இன்னும் வழியோரத்தில் கிடக்கிறது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்த கல். விடியற்காலையில் பேர் பதியும் பிரட்டுக்கு ஓடிய கால்களும், மாலையில் கூடை இறக்கித் திரும்பிய கால்களும் மிதித்து மிதித்துத் தேய்த்த குழி. மழை பெய்தால் அதில் நீர் நிற்கும்; சிட்டுக்குருவிகள் வந்து குடிக்கும். டல்ஹவுசியின் வாசலுக்கு மேலிருக்கும் இரண்டு பள்ளங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கல்லும் கூடவே நினைவுக்கு வருகிறது. அதை எடுத்து வைக்க ஓரிடம் வேண்டும்.

கடைசியாக, மஸ்கெலியாவையே எடுத்துக்கொண்டால், நாங்கள் இப்போது வாழ்கிற நகரம் இரண்டாவது மஸ்கெலியா. மஸ்கெலி ஓயாவுக்குக் குறுக்கே அணை கட்டி, 1969-இல் மவுசாகலை நீர்த்தேக்கம் நிறைந்தபோது, முதல் மஸ்கெலியா கடைத்தெருவோடும் கோயிலோடும் பள்ளிவாசலோடும் விகாரையோடும் தண்ணீருக்குள் போயிற்று. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். ஊர் மேட்டுக்கு வந்தது. ஆனால் மழை பொய்க்கிற ஆண்டுகளில், நீர் இறங்க இறங்க, பழைய ஊர் மெல்ல எழுந்து வரும். முதலில் கோயிலின் கற்கள் தலைகாட்டும். பிறகு சுவரடிகள், படிக்கட்டு, தெருவின் கோடு. வெடித்த சேற்றின் மேல் நத்தை ஓடுகள் வெள்ளையாய்க் கிடக்க, ஊரார் குடும்பம் குடும்பமாக இறங்கிப் போவார்கள். சிலர் கோயிற் கல்லில் கற்பூரம் ஏற்றுவார்கள்.

அப்படி நீர் வற்றிய ஒரு நாளில் நானும் இறங்கிப் போயிருந்தேன். முதியவர் ஒருவர் பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு, ஒரு சுவரடிக்கும் இன்னொரு சுவரடிக்கும் நடுவே காலடி வைத்து அளந்துகொண்டிருந்தார். ஓரிடத்தில் நின்று, கைத்தடியால் சேற்றைக் கிளறி, அடியில் தட்டுப்பட்ட கல்லைப் பையனுக்குக் காட்டினார். "இந்தா, இதான் நம்ம கடை வாசப்படி. செருப்பக் கழட்டிட்டு ஏறு." பையன் செருப்பைக் கழற்றினான். இருவரும் கூரையில்லாத, சுவரில்லாத அந்தக் கடைக்குள் ஏறி நின்றார்கள். அடுத்த வாரம் நல்லதண்ணிப் பக்கத்து மலைகளில் மழை பிடித்துக்கொண்டது.